இங்கிலாந்துக் கிராமத்து மே விழாவில் ஒரு முழு நாள்: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள், ஸ்டோன்ஹெஞ்சுக்கும் போய்விடுகிறார்கள், ஆனால் பக்கத்திலேயே இருக்கும் கிராமத்தில் மே மாதம் நடக்கும் விழாவுக்கு மட்டும் போவதில்லை. கேட்டால், "அது அவங்க ஊர் விஷயம், நம்மளை யாரு கூப்பிட்டா" என்கிறார்கள். இந்தத் தயக்கமே வேண்டாம். தேவாலயக் கூரையைப் பழுதுபார்க்க, ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வர்ணம் அடிக்க, ஆரம்பப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க என்று ஏதோ ஒரு நோக்கத்துக்குப் பணம் சேர்க்கத்தான் பெரும்பாலான ஊர்களில் இதை நடத்துகிறார்கள். கடை போடுவது, டீ ஊற்றுவது, வண்டி நிறுத்த வழி காட்டுவது எல்லாம் அந்த ஊர்க்காரர்களே. வெளியூர்க்காரர்கள் வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். பந்தை எறிய வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், கேக் சுட்டவரிடம் பேச வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த நாள், எந்த ஊர்

மே மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் அரசு விடுமுறை. முதல் திங்கள் மே தின விடுமுறை, 1978-இல் வந்தது. கடைசித் திங்கள் வசந்தகால விடுமுறை. கிராமத்து விழாக்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நீண்ட வார இறுதிகளை ஒட்டித்தான் வரும், நடுவில் உள்ள சனிக்கிழமைகளிலும் சில ஊர்களில் உண்டு.

பெயர் பெற்றவை நிறைய இருக்கின்றன. கார்ன்வாலில் பேட்ஸ்டோ ஊரில் மே 1 அன்று 'ஆபி ஆஸ்' என்ற குதிரை வேஷம் தெருத்தெருவாக ஆடி வரும். அதே கார்ன்வாலில் ஹெல்ஸ்டன் ஊரில் மே 8-ஐ ஒட்டி ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டே வீடுகளுக்குள் நுழைந்து வெளியே வருவார்கள். செஷயரில் நட்ஸ்ஃபோர்ட் ஊர்வலம் 1864-இல் தொடங்கியது. க்ளாஸ்டர்ஷயரில் கடைசித் திங்களன்று கூப்பர்ஸ் ஹில் சரிவில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஆட்கள் விழுந்து புரண்டு ஓடுவார்கள், டெட்பரியில் கம்பளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடுவார்கள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான், ஆனால் கூட்டம் நெரியும், முதல் முறை போகிறவர்களுக்கு ஊரோடு ஒட்ட நேரம் கிடைக்காது. முதலில் ஒரு சின்ன ஊருக்குப் போங்கள் என்பதுதான் என் கருத்து.

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள இக்வெல். ஊர் நடுவில் பெரிய புல்வெளி, சுற்றிலும் பழைய வீடுகள், புல்வெளியில் வருஷம் முழுக்க நிற்கும் மேபோல், அதாவது மே விழாவில் சுற்றி ஆடும் உயரமான கம்பம். 1560-களின் வட்டாரத் தேவாலயக் கணக்குகளிலேயே மே விழாச் செலவு எழுதப்பட்டிருக்கிறது என்றால் எவ்வளவு பழைய வழக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மிகப் பெரிய கடிகாரக் கைவினைஞர் தாமஸ் டாம்பியனும் இந்த ஊர்க் கொல்லர் வீட்டுப் பிள்ளைதான், 1639-இல் பிறந்தவர். செயின்ட் பாங்க்ரஸில் ரயில் ஏறினால் பிகில்ஸ்வேட், அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர்.

வடக்கே லீட்ஸ் பக்கம் இருந்தால் பார்விக்-இன்-எல்மெட். அங்கே 80 அடிக்கும் மேல் உயரமான கம்பத்தை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, வர்ணம் பூசி, ஊரே சேர்ந்து கயிறு பிடித்து மறுபடி நிறுத்துவார்கள். நாட்டிங்ஹம்ஷயர் என்றால் வெல்லோ. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய, ஊராட்சியின் இணையப் பக்கம், ஊர் ஃபேஸ்புக் குழு, தேவாலய அறிவிப்புப் பலகை மூன்றையும் பார்த்தால் போதும். சாலையோர வேலிகளில் கையால் எழுதிக் கட்டிய அட்டைகளையும் கவனியுங்கள், பல சின்ன விழாக்களுக்கு அதுதான் விளம்பரமே.

முந்தைய வாரம் செய்ய வேண்டியவை

முதலில் போக்குவரத்து. விடுமுறைத் திங்களன்று ரயில்கள் ஞாயிறு அட்டவணை மாதிரி குறைவாகத்தான் ஓடும், தண்டவாள வேலைகளையும் அந்த நாட்களில்தான் வைப்பார்கள், கிராமத்துப் பேருந்து பல இடங்களில் ஓடவே ஓடாது. அதனால் நிலையத்திலிருந்து டாக்ஸி முன்பதிவு செய்யுங்கள், அல்லது நடக்கத் தயாராகப் போங்கள். காரில் போனால் ஏதாவது ஒரு வயலில்தான் நிறுத்தச் சொல்வார்கள், முந்தைய நாள் மழை பெய்திருந்தால் அங்கே சேறு இருக்கும்.

அடுத்து சில்லறை. அட்டை வாங்கும் கருவி இப்போது நிறையக் கடைகளில் வந்துவிட்டது என்றாலும், வயல்வெளியில் சிக்னல் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும், தேங்காய் எறியும் இடத்தில் ஒரு பவுண்டுக்கு யாரும் அட்டை தேய்க்க விரும்புவதில்லை. ஒரு பவுண்டு, ஐம்பது பென்ஸ் நாணயங்களாக இருபது பவுண்டும், தாள்களாக இன்னொரு இருபதும் வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

உடை விஷயத்தில் வெயிலை நம்ப வேண்டாம். மே முதல் வாரத்தில் பகலில் 16 டிகிரி என்றால் நல்ல நாள், காற்று அடித்தால் விறைக்கும், அரை மணி நேரத்தில் தூறல் வந்து போகும். மே முடியும்வரை ஒரு துணியையும் கழற்றாதே என்று இங்கே பழமொழியே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடைகள், மழைக்கோட்டு, சேற்றைத் தாங்கும் காலணி. சேலை கட்டிப் போக ஆசைப்பட்டால் தாராளமாகக் கட்டுங்கள், தரை ஈரமாக இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். உட்கார ஒரு விரிப்பும், வாங்கிய சாமான் போட இரண்டு பைகளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனதும் முதலில் செடிக் கடை

திறக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே போய்விடுங்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் முதலில் போகும் இடம் செடிக் கடை, இரண்டாவது கேக் கடை. இரண்டும் ஒரு மணி நேரத்தில் பாதி காலி. வசந்தம் முழுக்க யாரோ ஒருவர் தன் கண்ணாடிக் குடிலில் வளர்த்த தக்காளி நாற்று, அவரைச் செடி, ஜெரேனியம் எல்லாம் தயிர் டப்பாவிலும் பழைய தொட்டியிலுமாக வைத்திருப்பார்கள். தோட்டக் கடையில் கொடுப்பதில் பாதி விலைகூட இருக்காது. விற்பவரே வளர்த்தவராக இருப்பதால் கேளுங்கள்: இது உயரமாக வளரும் வகையா, வெளியே எப்போது நடலாம். மே நடுப்பகுதி வரை, குளிர்ந்த இடங்களில் மாதக் கடைசி வரைகூட, இரவு உறைபனி வரலாம் என்பதால் தக்காளியை உடனே வெளியே நட்டுவிடாதீர்கள். வாங்கியதைச் சுமந்துகொண்டு சுற்ற வேண்டியதில்லை, பெயர் எழுதி மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் பழைய புத்தகக் கடை, பழைய சாமான் கடை. கேக் தட்டு, பித்தளை மணி, ஜோடி தொலைந்த பீங்கான் கோப்பை என்று எல்லாம் கிடக்கும். பேரம் பேசலாமா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம். காசு ஊர்க் காரியத்துக்குப் போகிறது.

மே ராணியும் மேபோலும்

ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று நுழைவாயிலில் கேட்டுக்கொண்டு, அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் புல்வெளி ஓரத்தில் இடம் பிடித்துவிடுங்கள். பித்தளை வாத்தியக் குழு முன்னால் வரும், பின்னால் பூ சுற்றிய வண்டியிலோ நடந்தோ மே ராணி. பள்ளிச் சிறுமிதான், பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், கூடவே தோழிகள், கையில் பூக்கூடை. போன வருஷத்து ராணி இந்த வருஷத்து ராணிக்குப் பூமுடி சூட்டுவதும் சில ஊர்களில் உண்டு. கூட்டம் கைதட்டும், நீங்களும் தட்டுங்கள், அந்தப் பெண்ணுக்கு அது பெரிய நாள்.

அடுத்தது மேபோல். கம்பத்தின் உச்சியிலிருந்து கலர் கலராக ரிப்பன்கள் தொங்கும், பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்பார்கள். நம் ஊர் பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்: ஒன்று விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும், வருகிறவருக்கு ஒருமுறை மேலாக, அடுத்தவருக்குக் கீழாகப் போக வேண்டும், சுற்றச் சுற்றக் கம்பத்தின்மேல் பின்னல் விழுந்துகொண்டே வரும். கீழே நிற்கும் ஆட்களைப் பார்க்காமல் கம்பத்தின் மேல்பகுதியைப் பாருங்கள், அங்கேதான் சாய்சதுரக் கட்டம் கட்டமாக வடிவம் தெரியும். சிலந்தி வலை என்ற ஆட்டத்தில் பாதிப் பேர் அசையாமல் ரிப்பனை இழுத்துப் பிடித்து நிற்க, மற்றவர்கள் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடி வலை பின்னுவார்கள். பின்னி முடித்ததும் அதே வழியில் திரும்பி ஆடிப் பிரிக்க வேண்டும். ஒரு பிள்ளை ஒரே ஒரு இடத்தில் மேலுக்குப் பதில் கீழே போயிருந்தாலும் பிரிக்கும்போது முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். அப்போது டீச்சர் ஓடி வருவார், வாத்தியம் வாசிப்பவர் அதே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருப்பார், பிள்ளைகள் சிவந்த முகத்தோடு ரிப்பனுக்குள் குனிந்து நுழைந்து வெளியே வருவார்கள், முடிச்சு அவிழ்ந்ததும் எழும் கைதட்டல்தான் அன்றைய நாளிலேயே பெரிது.

இந்த ரிப்பன் ஆட்டம் அந்தக் காலத்திலிருந்தே இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். கம்பம்தான் பழையது. இலையும் பூவும் கட்டிய கம்பத்தைச் சுற்றிப் பெரியவர்கள் ஆடுவதுதான் முன்பு இருந்தது, அதில் குடியும் கும்மாளமும் சேர்ந்திருந்ததால் மதக் கட்டுப்பாடு மிகுந்த பியூரிட்டன்கள் கை ஓங்கிய நாடாளுமன்றம் 1644-இல் எல்லாக் கம்பங்களையும் வெட்டிச் சாய்க்க உத்தரவிட்டது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் கம்பங்களும் திரும்பின. மறு வருஷமே லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 134 அடிக் கம்பம் நின்றது, பிற்காலத்தில் அந்த மரத்தை வாங்கியவர் ஐசக் நியூட்டன், தொலைநோக்கியைத் தாங்குவதற்காக. சிறுவர்கள் ரிப்பன் பிடித்து ஆடும் வடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. எழுத்தாளரும் கலை விமர்சகருமான ஜான் ரஸ்கின் 1881-இல் ஒயிட்லண்ட்ஸ் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் மே ராணி விழாவைத் தொடங்கிவைத்தார், அங்கே படித்துப் போன ஆசிரியைகள் அதைத் தங்கள் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

பிள்ளைகள் ஆடி முடித்ததும் சில ஊர்களில் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று கூப்பிடுவார்கள். போங்கள். உங்கள் ரிப்பனை இழுத்துப் பிடியுங்கள், எதிரே வருகிறவர் முகத்தைப் பாருங்கள், முதலில் மேலா கீழா என்று கேட்டுக்கொண்டு மாற்றி மாற்றிப் போங்கள், அவ்வளவுதான். மற்றவர்களின் பிள்ளைகளைப் படம் எடுக்கும் விஷயத்தில் மட்டும் கவனம். கூட்டமாக ஆடுவதைத் தூரத்திலிருந்து எடுப்பதை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு குழந்தையை மட்டும் அருகில் எடுப்பதென்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

மாரிஸ் ஆட்டம்

எங்கேயோ சலங்கைச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போங்கள். முழங்காலுக்குக் கீழே மணி கட்டி, வெள்ளை உடை, குறுக்குப் பட்டை, பூ வைத்த தொப்பி, கையில் பெரிய கைக்குட்டை அல்லது தடி, மூன்று மூன்று பேராக இரண்டு வரிசை. இதுதான் மாரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டம், இந்த வகை காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதிப் பாணி. வடமேற்கு ஊர்களின் குழுக்கள் மரக்கட்டைக் காலணி போட்டு ஆடுவார்கள். கிழிசல் துணி கோட்டுப் போட்டு, தடியால் ஓங்கி அடித்துக் கத்திக்கொண்டு ஆடுவது வேல்ஸ் எல்லைப் பக்கத்துப் பாணி.

1899 டிசம்பர் 26 அன்று ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஹெடிங்டனில் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் இந்த ஆட்டத்தைப் பார்த்து, மறுநாளே கான்சர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம் வாசித்த வில்லியம் கிம்பரிடம் மெட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். கிம்பர் கட்டட வேலை செய்தவர். அந்தச் சந்திப்பு நடந்திராவிட்டால் பல மெட்டுகள் இன்று இருந்திருக்காது என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோகும்.

தடி ஆட்டத்தின்போது இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள், சிலாம்பு தெறிக்கும். குழுவோடு வரும் கோமாளி உங்களை வம்புக்கு இழுத்தால் சிரித்துக்கொண்டே போய்விடுங்கள். ஆட்டம் முடிந்து தொப்பி வரும்போது நாணயம் போடுங்கள். குழுவில் ஆள் சேர்க்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், புது ஆட்களைத் தேடாத குழு குறைவு. எந்த நாட்டுக்காரர் என்பது ஒரு பொருட்டே இல்லை.

விளையாட்டுகள்: காசை இங்கே செலவழியுங்கள்

தேங்காய் எறிதல் இருக்கும். வரிசையாகக் கம்பு நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் கிண்ணத்தில் ஒரு தேங்காய். மூன்று மரப் பந்து தருவார்கள், தேங்காய் கீழே விழுந்தால் உங்களுக்கு. நடுவில் அடித்தால் டொக்கென்று சத்தம் வரும், தேங்காய் அசையாது. மேல் பாதியில் பட வேண்டும், அப்போதுதான் கவிழும். வேகத்தைவிடக் குறிதான் முக்கியம், அதனால் முதல் பந்தைத் தூரம் பிடிபடுவதற்காக மெதுவாகப் போட்டுப் பாருங்கள். ஜெயித்த தேங்காயைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் சத்தம் கேட்டால் சட்னிக்கு ஆகும், இல்லையென்றால் பிள்ளையிடம் பரிசாகக் கொடுத்துவிடுங்கள்.

எலி அடித்தல் இன்னொன்று. பலகையில் சாய்த்துக் கட்டிய குழாயின் மேல்முனையில் துணி எலியைப் போடுவார்கள், கீழே வந்து விழுவதற்குள் மட்டையால் அடிக்க வேண்டும். எலி தெரிந்த பிறகு அடித்தால் கதை முடிந்தது. குழாயைப் பார்க்காமல் எலியைப் போடுகிறவரின் விரல்களைப் பாருங்கள், விரல் விட்ட நொடியில் மட்டையை இறக்குங்கள்.

ரப்பர் பூட்ஸ் எறிதல், முட்டைக் கரண்டி ஓட்டம், சாக்கு ஓட்டம், மூன்று கால் ஓட்டம் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான், பள்ளியில் ஓடியிருப்போம். பெரியவர்களுக்கான ஓட்டம் என்று அறிவித்ததும் வெட்கப்படாமல் போய் வரிசையில் நில்லுங்கள். மூன்று கால் ஓட்டத்தில் கட்டிய காலை முதலில் வைப்பது என்று முன்பே பேசிக்கொண்டு, ஒன்று-இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஓடினால் விழ மாட்டீர்கள்.

டோம்போலா என்பது சீட்டு எடுக்கும் கடை. டப்பாவிலிருந்து ஐந்து சீட்டு எடுப்பீர்கள், எண் 0-விலோ 5-லோ முடிந்தால் அதே எண் ஒட்டிய பொருள் உங்களுக்கு. வைன் புட்டியும் வரலாம், தக்காளி சூப் டின்னும் வரலாம். கேக் எடையைச் சொல்லும் போட்டியில், பழக் கேக் பார்ப்பதைவிட எப்போதும் கனமாக இருக்கும், முதலில் தோன்றும் எண்ணைவிடக் கொஞ்சம் கூட்டியே எழுதுங்கள். ராஃபிள் சீட்டைக் காலையிலேயே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், குலுக்கல் மாலையில்.

சாப்பாடும் டீயும்

மதியம் முழுப் பன்றியை வாட்டி ரொட்டியில் வைத்துத் தரும் கடையில் நீண்ட வரிசை இருக்கும், பர்கரும் சாஸேஜும் இருக்கும். சைவக்காரர்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கில் சீஸோ பீன்ஸோ போட்டது, சீஸ் சாண்ட்விச் கிடைக்கும், ஆனால் சின்ன விழா என்றால் நிச்சயமில்லை, அதனால் எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். எல்லோரும் புல்லில் விரிப்புப் போட்டுச் சாப்பிடுவார்கள், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டை எங்கே முடித்தாலும் டீக்கு மட்டும் இடம் வையுங்கள். பொதுக்கூடத்திலோ கூடாரத்திலோ ஊர்ப் பெண்கள், பல ஊர்களில் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் சங்கத்தின் உறுப்பினர்கள், இரண்டு கைப்பிடி உள்ள பெரிய அலுமினியக் கெட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மேசை நிறையக் கேக். விக்டோரியா ஸ்பாஞ்ச் என்பது இரண்டு அடுக்கு, நடுவில் ராஸ்பெரி ஜாம், மேலே பொடிச் சர்க்கரை தூவல். முட்டையை ஓட்டோடு நிறுத்து, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு போடுவதுதான் கணக்கு. எந்த கேக் யார் செய்தது என்று கேட்டால், சுட்டவர் பக்கத்திலேயே நிற்பார், பக்குவம் முழுக்கச் சொல்வார். ஸ்கோன் என்ற சின்ன பன் வாங்கினால் ஜாமும் கட்டிப் பாலேடும் வரும். டெவன்காரர்கள் பாலேட்டை முதலில் பூசுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில். முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், ஸ்கோன் மாவில் முட்டை இல்லாவிட்டாலும் மேலே பூசியிருக்கலாம்.

மூன்று மணிக்கு மேல்தான் டீக் கூடத்தில் கூட்டம் அடங்கும். அப்போது போய், காலியாக இருக்கும் தனி மேசையைத் தேடாமல், ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் இடம் கேட்டு உட்காருங்கள். வானிலையில் பேச்சு ஆரம்பிக்கும். பத்து நிமிஷத்தில் ஊரில் யார் வீடு எது, போன வருஷம் மழையில் எப்படி நனைந்தார்கள் என்று எல்லாம் வந்துவிடும்.

மாலை

நாய்க் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள். சாதி நாய்ப் போட்டி இல்லை இது, அதிகமாக வாலாட்டும் நாய், எஜமானரைப் போலவே இருக்கும் நாய் என்றுதான் பிரிவுகள். கயிறிழுப்பில் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர், பெரும்பாலும் ஒரு பப்புக்கும் இன்னொரு பப்புக்கும் இடையில், ஆள் குறைந்தால் கூட்டத்திலிருந்து இழுத்துக்கொள்வார்கள். குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுங்கள்.

ராஃபிள் குலுக்கல் வரை இருங்கள். உங்கள் எண் வராவிட்டாலும், எவ்வளவு சேர்ந்தது என்று அப்போது அறிவிக்கும் ஊர்களும் உண்டு. மே முதல் வாரத்தில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமில்லை. பக்கத்தில் காடு இருந்தால் ஒரு நடை போய் வாருங்கள், தரை முழுக்க நீலமணிப் பூக்கள் விரிந்திருக்கும் நேரம் அது. பாதையை விட்டு இறங்காதீர்கள், மிதித்தால் அந்தச் செடிகள் மீள வருஷக்கணக்காகும். கிழங்கோடு பிடுங்குவது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

போகுமுன் பத்து நிமிஷம் இருந்து நாற்காலி மடக்க, மேசை தூக்க உதவுங்கள். கேட்க வேண்டியதுகூட இல்லை, ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையை யாராவது பிடிப்பார்கள். அந்த நேரத்தில்தான் விழாக் குழுவை நடத்துபவர் யார் என்று தெரியும். அடுத்த வருஷம் கேக் செய்து தரலாமா, ஒரு மணி நேரம் கடையில் நிற்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். இங்கே ஊர் வேலைக்கு ஆள் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாகி வருகிறது, உங்கள் பெயரையும் எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். திட்டமிடும் கூட்டங்கள் பொதுவாகப் புத்தாண்டுக்குப் பிறகு தொடங்கும். கூப்பிடும்போது போய்விடுங்கள்.